கிருஷி பவனில் யார் அமர வேண்டும்?



கிருஷி பவனில் இயங்கும் மத்திய வேளாண் அமைச்சகத்தில் இன்று உயர்ந்த அதிகாரி நாற்காலிகள் இரண்டு. ஒன்று வேளாண்மை, உழவர் நலத்துறைச் செயலருடையது. இன்னொன்று வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறைச் செயலருடையது. அதில் அமர்பவரே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் இருப்பார். முதல் நாற்காலிக்கு வருபவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. இரண்டாவதற்கு வருபவர் விஞ்ஞானி. விலை, காப்பீடு, மானியம், மாநிலங்களுக்குப் போகும் திட்டப் பணம் எல்லாம் முதல் நாற்காலியின் பொறுப்பு. விதை, மண், நோய் பற்றிய ஆராய்ச்சி, பல்கலைக்கழகம் எல்லாம் இரண்டாவதன் பொறுப்பு. இந்தப் பிரிவினை எப்படி வந்தது, இந்த இடங்களுக்கு வந்தவர்கள் அதற்கு முன் என்ன வேலை பார்த்தவர்கள், அதனால் உழவனுக்கு என்ன நேர்ந்தது என்பவற்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

1871இல் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது இந்திய அரசில் முதன்முதலாக வேளாண்மை என்ற பெயருடன் ஒரு துறை உருவானது. மான்செஸ்டர் ஆலைகளுக்கு நல்ல பருத்தி வேண்டும் என்ற நெருக்குதலும் அதற்கு ஒரு காரணம். துறையின் பெயரே வருவாய், வேளாண்மை, வாணிபம் என்றுதான் அமைந்தது. வருவாய்க்குப் பின்னால்தான் வேளாண்மைக்கு இடம். அதன் செயலராக வந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பின்னாளில் காங்கிரஸ் கட்சி தோன்றக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். இளமையில் மருத்துவம் பயின்றவர். எட்டாவா மாவட்டத்தில் ஆட்சியராக இருந்தவர். பறவையியலில் உலகம் மதிக்கும் அறிஞர். உழவைப் பள்ளியில் படித்தவர் அல்லர். ஆனால் எதையும் ஊன்றிக் கவனிக்கும் கண் அவருக்கு இருந்தது. எட்டாண்டுகள் அந்தத் துறையில் இருந்தும், நிலவரிக் கோப்புகளுக்கு அடியில் வேளாண்மை புதைந்து போவதைத் தம்மால் தடுக்க முடியவில்லை என்பதை 1879இல் எழுதிய நூலில் மனம் நொந்து விவரித்தார். அதே ஆண்டில் அவர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். செலவைக் காரணம் காட்டித் துறையும் மூடப்பட்டது.

அந்தக் காலத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை சூறையாடி ஓய்ந்த நேரம் அது. லட்சக்கணக்கில் மக்கள் மாண்ட மறு ஆண்டே இந்திய அரசின் வேளாண் துறை இழுத்து மூடப்பட்டது. 1880இல் பஞ்சக் குழு இடித்துரைத்த பிறகுதான் 1881இல் அதை மீண்டும் திறந்தார்கள். ஒரு துறைக்கு அறிவாளி ஒருவரைத் தலைவராக்கிவிட்டு, அவர் சொல்லுக்கு வலு எதுவும் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹியூமின் கதையே முதல் சாட்சி.

அடுத்து வந்தவர் ஒரு வேதியியலாளர். இங்கிலாந்தின் ராயல் வேளாண் சங்கத்தின் ஆலோசகரான ஜான் அகஸ்டஸ் வெல்கர் 1889இல் இந்தியா வந்தார். வேதியியலைக் கொண்டு இந்திய உழவைத் திருத்தலாமா என்று பார்த்துச் சொல்வதே அவருக்கு இட்ட பணி. நாடு முழுவதும் சுற்றினார். வயலில் இறங்கி உழவர்களிடம் பேசினார். 1893இல் வெளியான அறிக்கையில், இந்தியக் குடியானவன் சராசரி ஆங்கில உழவனுக்கு இளைத்தவன் அல்லன், சில வகைகளில் அவனைவிட மேலானவன் என்று எழுதினார். அவனிடம் குறைவது திறமை அல்ல, வசதி. தண்ணீரும் எருவும் இல்லை. விறகு இல்லாததால் சாணம் அடுப்புக்குப் போகிறது. ஆகவே ஊருக்கு ஊர் விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்க்க வேண்டும் என்றார். ஆய்வுக்கூட மனிதர் ஒருவர், ஆய்வுக்கூடம் மட்டும் போதாது என்று சொன்ன அறிக்கை அது. அந்த நேர்மைக்காகவே நம் வேளாண் கல்லூரிகளில் அதைப் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1905இல் பிகாரின் பூசாவில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. வேளாண்மைக்கென்று இந்திய வேளாண் பணி என்ற தனி அதிகாரிப் பிரிவும் உருவாயிற்று. பூசாவுக்குப் பொருளாதாரத் தாவரவியலாளராக வந்த ஆல்பர்ட் ஹோவர்ட், சுற்றுவட்டார உழவர்களையும் பூச்சிகளையும் தம் ஆசிரியர்களாகக் கொண்டவர். இந்த அதிகாரிப் பிரிவுக்கு ஆயுள் அதிகம் இல்லை. வேளாண்மை மாகாணங்களின் கையில் போய்விட்டதால், 1924இல் லீ ஆணையம் சொன்னபடி அதற்கு ஆள் எடுப்பது நின்றது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வருவோம்.

லின்லித்கோ தலைமையிலான ராயல் ஆணையத்தின் பரிந்துரைப்படி 1929இல் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது. ஆராய்ச்சிக்கென்றே பிறந்த அந்தக் கழகத்தை 36 ஆண்டுகள் பெரும்பாலும் நிர்வாக அதிகாரிகளே நடத்தினார்கள். விதை எது, எந்த ஆராய்ச்சிக்குப் பணம், எந்த விஞ்ஞானியை வெளிநாட்டுக்கு அனுப்புவது என்ற முடிவுகள் செயலகத்தில் எடுக்கப்பட்டன.

சுதந்திர இந்தியாவின் வேளாண் அமைச்சர்களையும் பார்த்துவிடுவோம். 1946இன் இடைக்கால அரசில் உணவு, வேளாண்மையை ஏற்றவர் ராஜேந்திர பிரசாத், வழக்கறிஞர். வனமகோத்சவத்தை 1950இல் தொடங்கிய கே.எம்.முன்ஷியும் வழக்கறிஞர், நாவலாசிரியர். பத்தாண்டுகள் வேளாண் பொறுப்பில் இருந்த பஞ்சாப்ராவ் தேஷ்முக் அமராவதி மாவட்டத்து உழவர் வீட்டுப் பிள்ளை. அவரும் சட்டம் படித்தவரே. அமைச்சர் உழவியல் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மக்களாட்சியில் அமைச்சரின் தகுதி மக்கள் தரும் ஓட்டு. அமைச்சருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது அமைச்சர் காதுக்குச் சிதையாமல் போகிறதா என்பதே கேள்வி.

அதற்கு விடை சொன்ன காலம் 1964 முதல் 1967 வரையிலான காலம்.

சி.எஸ். என்று அழைக்கப்பட்ட சி.சுப்பிரமணியம் பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, பிறகு சட்டம் முடித்தவர். சென்னை மாநிலத்தில் நிதி, கல்வித் துறைகளையும் டெல்லியில் எஃகுத் துறையையும் பார்த்தவர். 1964இல் சாஸ்திரி அவரை உணவு, வேளாண்மைக்கு அழைத்தபோது அது யாரும் விரும்பி ஏற்கும் துறையாக இல்லை. அமெரிக்காவிலிருந்து வரும் பி.எல்.480 என்ற உணவு உதவித் திட்டத்தின் கோதுமைக் கப்பல்களை நம்பி நாடு இருந்தது. 1964-65இல் 8.9 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் அடுத்த ஆண்டு வறட்சியில் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது.

சி.எஸ். செய்த முதல் காரியங்களில் ஒன்று நாற்காலிகளை மாற்றி அமைத்தது. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த பார்க்கர் தலைமையிலான குழு, ஆராய்ச்சிக் கழகத்துக்கு விஞ்ஞானி ஒருவரே தலைவராக வேண்டும் என்று 1964இல் பரிந்துரைத்திருந்தது. அதைச் சி.எஸ். அலமாரியில் வைக்கவில்லை. 1965இல் கோதுமை விஞ்ஞானி பி.பி.பால் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் ஆனார். பர்மாவில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் ஆய்வு முடித்து, துருநோய் தாங்கும் கோதுமைக்காக வாழ்நாளைக் கொடுத்தவர் அவர். ஓய்வு நேரத்தில் புதிய ரோஜா ரகங்களையும் உருவாக்கினார். அமைச்சகங்களிலும் பயிர்வாரிக் குழுக்களிலும் சிதறிக் கிடந்த ஆராய்ச்சி நிலையங்கள் எல்லாம் கழகத்தின் கீழ் வந்தன.

அதே காலத்தில் வேளாண் செயலராக வந்தவர் பி.சிவராமன், ஒடிசா மாநிலத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி. டெல்லிக்கு இடம்பெயர்ந்திருந்த பூசா நிறுவனத்தில் கும்பகோணத்துக்காரரான எம்.எஸ்.சுவாமிநாதன் குட்டைக் கோதுமையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விலை ஆணையத்தின் முதல் தலைவராகப் பொருளாதார அறிஞர் எம்.எல்.தந்த்வாலா 1965இல் அமர்ந்தார். அதே ஆண்டு பிறந்த இந்திய உணவுக் கழகத்தை நடத்த வங்கியாளர் டி.ஏ.பை வந்தார், அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. பாருங்கள்: வழக்கறிஞர், ஐ.சி.எஸ். அதிகாரி, தாவர மரபியலாளர்கள், பொருளாதார ஆசிரியர், வங்கியாளர். ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய முடியாது. ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டார்.

மெக்சிகோவின் குட்டைக் கோதுமை விதையைப் பெரிய அளவில் தருவிக்க அன்னியச் செலாவணி வேண்டும். உரத்துக்கும் வேண்டும். நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி எதிர்த்தார், திட்டக்குழுவிலும் தயக்கம். பொருளாதார அறிஞர்கள் பலர், ஏழை உழவன் இதைத் தொடமாட்டான் என்றார்கள். அந்த வாதங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. அவற்றைச் சந்திக்க வெறும் அரசியல் துணிவு போதாது. எந்த மண்ணில், எத்தனை முறை நீர் பாய்ச்சினால், எவ்வளவு உரத்துக்கு எவ்வளவு விளையும் என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். அதை விஞ்ஞானிகள் தந்தார்கள். அந்தக் கணக்கை நிதி அமைச்சகம் மறுக்க முடியாத கோப்பாக மாற்றத் தெரிந்தவர் வேண்டும். அதற்குச் சிவராமன் இருந்தார். உழவர் வயல்களிலேயே செயல்விளக்கத் திடல்கள் போட்டார்கள். டெல்லியில் தம் வீட்டுத் தோட்டத்தையே உழுது சி.எஸ். குட்டைக் கோதுமை விதைத்தார். 1966இல் சுமார் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து வந்து இறங்கியது. 1964-65இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை 1970-71இல் 2.4 கோடி டன்னைத் தொட்டது. 1967 தேர்தலில் சி.எஸ். தோற்றுப்போனார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விதைத்தவர் அறுவடையின்போது பதவியில் இல்லை.

நிபுணருக்குப் பொறுப்புக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆராய்ச்சிக் கழகத்துக்குள்ளேயே புழுக்கம் இருந்தது. 1972இல் ஓர் இளம் வேளாண் விஞ்ஞானி தற்கொலை செய்துகொண்டது நாடாளுமன்றத்தை உலுக்கியது. முன்னாள் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன் விளைவாகத்தான் விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுக்கத் தனி வாரியம், வேளாண் ஆராய்ச்சிப் பணி, 1973இல் வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறை எல்லாம் வந்தன. ஒரு பயிரிலேயே வாழ்நாளைச் செலவிட்டவருக்கு மற்றப் பயிர் கண்ணில் படாமல் போகும் ஆபத்தும் உண்டு. கோதுமையும் நெல்லும் பெருகிய நாட்டில் கேழ்வரகும் கம்பும் துவரையும் பின்னுக்குப் போயின. பஞ்சாபின் நிலத்தடி நீர் வற்றியது. நாற்று நடும் நாளைச் சட்டம் போட்டு 2009இல் கட்டுப்படுத்தும் அளவுக்குப் போனது. அளவு மீறிய நீரும் ரசாயனமும் அழிவைத் தரும் என்று சுவாமிநாதன் 1968இல் வாரணாசி அறிவியல் மாநாட்டிலேயே எச்சரித்திருந்தார். விலையும் கொள்முதலும் மின்சாரமும் வேறு கைகளில் இருந்தன. அந்த எச்சரிக்கைக்கு அங்கே மதிப்பில்லை.

அதே சுவாமிநாதன் 1979இல் வேளாண் அமைச்சகத்தின் முதன்மைச் செயலர் ஆனார். நிர்வாக நாற்காலியில் ஒரு விஞ்ஞானி. அந்த ஆண்டு கடும் வறட்சி. விளைச்சல் 13 கோடி டன்னிலிருந்து 11 கோடி டன்னாகக் குறைந்தது. ஆனால் கிடங்குகளில் தானியம் இருந்தது; பஞ்சம் வரவில்லை. 1980இல் அவர் திட்டக்குழுவுக்குப் போனார். அதன் பிறகு அந்த நாற்காலி மறுபடி நிர்வாகப் பணிக்கே திரும்பிவிட்டது.

இதற்கு நிர்வாகப் பணியின் தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அமைச்சகத்துக்கு ஒரு சென்ட் வயலும் சொந்தமில்லை. உரம் ரசாயன அமைச்சகத்திடம், கொள்முதல் உணவு அமைச்சகத்திடம், நீர் ஜல் சக்தியிடம், ஏற்றுமதித் தடை வணிக அமைச்சகத்திடம், கடன் நிதி அமைச்சகத்திடம். 2019இல் கால்நடையும் மீனும், 2021இல் கூட்டுறவும் தனி அமைச்சகங்களாகப் பிரிந்தன. இத்தனை வாசல்களில் போய்ப் பேசி வேலையை முடிக்க, அரசு இயந்திரம் அறிந்தவரே வேண்டும் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். மாவட்டத்தில் ஆட்சியராக இருந்து வெள்ளத்தையும் வறட்சியையும் நேரில் பார்த்த அனுபவம் சிறியதல்ல. ஆனால் அந்த அதிகாரி நேற்று ஜவுளியில் இருந்தார், நாளை சுரங்கத்துக்குப் போவார். ஒரு நெல் ரகத்தை ஒட்டுக்கட்டி, தேர்ந்து, சோதித்து வெளியிட எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். உள்துறை, பாதுகாப்புச் செயலர்களுக்கு இரண்டாண்டுப் பதவிக்காலம் உறுதி செய்யப்பட்டிருக்கிறது. உணவுக்குப் பொறுப்பானவருக்கு அந்த உறுதிகூட இல்லை.

உச்சியில் உள்ள பிளவு அடிவரை ஓடுகிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கியது. அந்த நிலையங்கள் ஆராய்ச்சிக் கழகத்தின் வழியில் வருபவை. நிலையம் இருக்கும் ஊரில் உள்ள வேளாண்மை உதவி இயக்குநர் மாநில அரசின் ஆள். அவருக்கு இலக்குகளும் மானியமும் வருவது திட்டங்களின் வழியாக. பயிரில் புதுப் புழு விழுந்தால் ஒருவரிடம் அறிவு இருக்கும், மற்றவரிடம் வண்டியும் பணமும் ஆளும் இருக்கும். இருவரையும் ஒரே வரப்பில் நிற்கவைக்கும் அதிகாரம் யாரிடமும் இல்லை. நல்ல மனிதர்கள் இருக்கும் வட்டாரத்தில் அது நட்பால் நடக்கிறது. நட்பை நம்பி ஒரு நாட்டின் உழவை விட முடியாது.

பக்கத்து நாட்டில் நடந்ததை நான் மிகுந்த வேதனையோடு சொல்கிறேன். இலங்கையில் 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. அங்கே நிபுணர்கள் இல்லாமல் இல்லை. அந்த ஆண்டில் வேளாண் அமைச்சகச் செயலராக இருந்தவரே உதித் ஜயசிங்க என்ற பேராசிரியர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புத்தி மாரம்பே போன்றவர்கள் தடையை வெளிப்படையாக எதிர்த்தார்கள். மாரம்பேயை அமைச்சகத்தின் பொறுப்புகளிலிருந்து நீக்கினார்கள். உணவுத் தட்டுப்பாடு வரலாம் என்று பேசிய செயலரும் அந்த ஆண்டு டிசம்பரில் பதவி இழந்தார். பெரும்போக நெல் படுத்துவிட்டது. கிளிநொச்சியிலும் அநுராதபுரத்திலும் அம்பாறையிலும் அதைச் சுமந்தவர்கள் உழவர்கள். நாற்காலியில் பேராசிரியரே இருந்தும், ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அந்த நாற்காலிக்கு இல்லை.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே துணை நிற்கிறது. அங்கே வேளாண் அமைச்சர் யாராகவும் இருக்கலாம். 1933இல் பொறுப்பேற்ற ஹென்றி வாலஸ் பத்திரிகை ஆசிரியர், வீரிய ஒட்டு மக்காச்சோள விதை நிறுவனத்தைத் தொடங்கியவர். அண்மைக் காலத்தில் கால்நடை மருத்துவரும் வழக்கறிஞரும் இருந்தார்கள். ஆனால் ஆராய்ச்சிக்கான துணைச் செயலர் பதவிக்கு அந்தத் துறையில் பயிற்சியோ அனுபவமோ உடைய விஞ்ஞானியையே நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2017இல் அறிவியல் பட்டம் இல்லாத ஒருவர் அந்த இடத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது; வேறு சர்ச்சையும் சேர்ந்துகொள்ள, அவர் பெயர் திரும்பப் பெறப்பட்டது.

நாம் என்ன செய்யலாம்? வெளியிலிருந்து வல்லுநர்களை நேரடியாக இணைச் செயலர்களாக எடுக்கும் முயற்சி 2018இல் தொடங்கியது. பத்து இடங்களில் வேளாண்மையும் ஒன்று. 2024 ஆகஸ்டில் 45 இடங்களுக்கு வந்த அறிவிப்பு, இடஒதுக்கீடு இல்லை என்ற நியாயமான எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. சில பதவிகளுக்குச் சில ஆண்டு ஒப்பந்தத்தில் ஆள் எடுத்து இந்தக் குறையைத் தீர்க்க முடியாது என்பது என் முடிவு.

இப்போது 1924க்குத் திரும்புவோம். அன்று நின்றுபோன இந்திய வேளாண் பணியை மீண்டும் உருவாக்க வேண்டும் என்று 1965இல் மாநிலங்களவை தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு இந்திய வனப்பணி வந்தது. காட்டுக்கு டேராடூனில் பயிற்சி பெற்ற அகில இந்திய அதிகாரிகள் கிடைத்தார்கள். வனத்துறையின் தலைமை இயக்குநர் அந்தப் பணியிலிருந்தே வருகிறார். வேளாண்மைக்கு அப்படி ஒரு பணி இன்றுவரை அமையவில்லை. 1969இல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், அதிகாரிகள் எட்டுத் துறைகளில் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே தேர்ச்சி பெறட்டும் என்றது. வேளாண்மையும் ஊரக வளர்ச்சியும் அதில் ஒன்று. அதுவும் நடக்கவில்லை. நம் வேளாண் கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் குடிமைப் பணித் தேர்வில் வேளாண்மையையே விருப்பப் பாடமாக எடுத்து வெல்கிறார்கள். வென்ற பிறகு அந்தப் படிப்புக்கும் அவர்கள் பார்க்கும் கோப்புக்கும் தொடர்பு இருப்பதில்லை. இடஒதுக்கீட்டுடன், மத்தியத் தேர்வாணையத்தின் வழியாக, மாநிலங்களின் ஒப்புதலோடு இந்திய வேளாண் பணி அமைய வேண்டும். அதில் உழவியல் படித்தவரோடு நீரியலும் பொருளாதாரமும் கால்நடையும் படித்தவர்கள் இருக்க வேண்டும். வயல் வேலையின் பெரும்பகுதியைச் செய்யும் பெண்களின் வீடுகளிலிருந்து வருபவர்கள் இருக்க வேண்டும். நாட்டின் சராசரி நில உடைமை 1.08 ஹெக்டேர் என்பது 2015-16 கணக்கு. இரண்டரை ஏக்கர்க்காரனின் கணக்கு தெரிந்தவர்கள் கிருஷி பவனில் உட்கார வேண்டும்.

அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத இரண்டு காரியங்கள் உண்டு. வேளாண் செயலருக்கு ஐந்து பருவமாவது நீடிக்கும் பதவிக்காலத்தை உறுதி செய்யலாம். ஏற்றுமதித் தடை, இறக்குமதி வரி, உரம் பற்றிய எந்த முடிவுக்கும் முன்னால் ஆராய்ச்சித் துறைச் செயலரின் கருத்து எழுத்தில் பெறப்பட்டு நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழுவின் முன் வைக்கப்பட வேண்டும் என்று விதி செய்யலாம். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை.

மாணவர்களே, அந்த நிலைக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு அறிவிப்பு வெளியிடும்போது எழுதுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்தித்து, 1965ஆம் ஆண்டுத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று அவையில் கேட்கச் சொல்லுங்கள்.